மூன்று நாள் ஹம்பி: படங்களும், கெட்டுப்போன ஒரு மெமரி கார்டும்

பாராமகால்காரன் (கிருஷ்ணகிரி), சனி இரவு 9.12

மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறவனுக்கு விடுப்பு கிடைக்கும் காலம் ஆண்டில் ஒன்றுதான். பழ வரத்து தொடங்கிவிட்டால் ஆடி பிறக்கும்வரை வீட்டில் தலைகாட்டுவதே அரிது. ஆகவே பொங்கல் முடிந்த மறுவாரமே அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், அக்கா மகன் என்று ஆறு பேரும் ஒரே காரில் அடைந்துகொண்டு ஹம்பிக்குப் போய்வந்தோம். 1336 முதல் 1565 வரை விஜயநகரப் பேரரசின் தலைநகராக இருந்த ஊர். ஐம்பது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தேர் இருக்கிறதே, அந்த ஊர் என்றால் பிள்ளைகளுக்கும் புரியும்.

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, பெங்களூரு கண்விழிப்பதற்குள் அதைக் கடந்து, தும்கூர், ஹிரியூர், சித்ரதுர்கா, அங்கிருந்து வடக்கே பிரியும் சாலையில் ஹொசப்பேட்டை. மதியச் சாப்பாட்டுக்குச் சேர்ந்துவிட்டோம். அறை ஹொசப்பேட்டையில்தான். ஹம்பி அங்கிருந்து 13 கிலோமீட்டர்.

முதல் நாள், மூன்றாம் நாள் படங்கள் கீழே. இரண்டாம் நாள் படங்கள் இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இப்போது சொன்னால் கோபத்தில் எழுத்துப் பிழை வரும்.

படம் 1: மாதங்க மலை உச்சியில் விடியல். கீழே தெரிவது அச்சுதராயர் கோயில். நம் ராயக்கோட்டைப் பக்கத்துப் பாறைகளை யாரோ கூடை கூடையாக அள்ளி வந்து கொட்டியதுபோல் இருந்தது.

படம் 2: விருபாட்சர் கோயிலின் தலைகீழ்க் கோபுரம். சுவரில் ஒட்டிய படம் அல்ல, நிழல். கருவறைக்குப் பின்னால் ஓர் இருட்டு அறை இருக்கிறது. அதன் சுவரில் சிறிய துளை. வெளியே சுமார் 50 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் கிழக்குக் கோபுரம் அந்தத் துளை வழியாக உள்ளே வந்து எதிர்ச்சுவரில் தலைகீழாக விழுகிறது.

படம் 3: உக்கிர நரசிம்மர். ஒரே பாறை, 6.7 மீட்டர்.

படம் 4: கல் தட்டு. இது மட்டும் அம்மா எடுத்தது.

படம் 5: துங்கபத்திரையில் நீர்நாய்.

படம் 6: சக்கர தீர்த்தத்துக்கு அருகே பரிசலில் அம்மா.

---

தகடூர் வாத்தியார் (தர்மபுரி), சனி இரவு 10.05

தம்பி, படங்கள் நன்று. மூன்றாவதன் குறிப்பை மட்டும் திருத்திவிடுங்கள். அவர் உக்கிர நரசிம்மர் அல்லர், லட்சுமி நரசிம்மர். மடியில் இருந்த லட்சுமியை உடைத்துவிட்டார்கள். பிதுங்கிய கண்ணும் பல்லுமாகத் தனியே எஞ்சியவரைப் பார்த்து மக்கள் உக்கிரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மனைவியைப் பறிகொடுத்தவரைக் கோபக்காரர் என்று சொல்வது என்ன நியாயம்?

பக்கவாட்டில் போய் முதுகுப்புறம் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவரை அணைத்திருந்த லட்சுமியின் கை மட்டும் இன்னும் கல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1528இல் கிருஷ்ணதேவராயர் செதுக்குவித்த சிலை அது.

---

ஒகேனக்கல் மீன் (பென்னாகரம்), சனி இரவு 10.31

படம் 5 கல்.

---

பாராமகால்காரன், சனி இரவு 10.40

வாத்தியார் ஐயா, திருத்திவிட்டேன். நான் முன்னால் நின்று நான்கு படம் எடுத்தேன், பின்னால் போகத் தோன்றவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

மீன் அண்ணா, அது நீர்நாய். துங்கபத்திரையின் அந்தப் பகுதியையே 2015இல் நீர்நாய்க் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள்.

---

ஒகேனக்கல் மீன், சனி இரவு 10.44

காப்பகத்தில் கல்லே இருக்காதா?

---

ஓசூர் ரோஜா (ஓசூர்), ஞாயிறு காலை 7.20

நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் போனபோது எடுத்த நரசிம்மர் முதுகுப் படத்தை இணைத்திருக்கிறேன். கை தெரிகிறது, விரல்கள்கூடத் தெரிகின்றன. வாத்தியார் ஐயா சொல்லித்தான் எனக்கும் அதன் பொருள் புரிந்தது. அப்போது ஏதோ அலங்காரம் என்று நினைத்து எடுத்தேன்.

படங்களைப் பற்றி ஒன்று சொன்னால் வருத்தப்படக் கூடாது, அண்ணா. முதல் படத்தில் அடிவானம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. துங்கபத்திரை கொட்டிவிடும்போல் பயமாக இருக்கிறது. மூன்றாவது, உச்சி வெயிலில் எடுத்தது. கருங்கல்லுக்கு மேலிருந்து விழும் வெயில் ஆகாது. கண் குழியெல்லாம் கறுப்பாகிவிடும். காலை எட்டு மணிக்குள்ளோ மாலை நான்கரைக்குப் பிறகோ எடுத்தால் அதே கல் தேன் நிறத்துக்கு வரும்.

தலைகீழ்க் கோபுரம் அருமை. கை நடுங்காமல் எப்படி எடுத்தீர்கள்? அந்த இருட்டில் எனக்கு மூன்று முறையும் கலங்கலாகவே வந்தது. ஃபிளாஷ் போட்டு எடுத்துவிட்டு, "நிழலே இல்லையே" என்று பக்கத்தில் ஒருவர் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆறு படங்களிலும் எனக்குப் பிடித்தது நான்காவது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

---

பாராமகால்காரன், ஞாயிறு காலை 8.15

மொபைலைச் சுவரோரத் திண்டில் சாய்த்துவைத்து, டைமர் போட்டு எடுத்தேன், அவ்வளவுதான். என் மகள் எட்டாம் வகுப்பு. ஒளி நேர்கோட்டில் செல்கிறது. கோபுர உச்சியிலிருந்து வரும் கதிர் துளைக்குள் நுழைந்து கீழே போகிறது, அடியிலிருந்து வருவது மேலே போகிறது. அதனால் தலைகீழ் என்று இருட்டில் எங்களுக்குப் பாடம் நடத்தினாள். அங்கிருந்த பெரியவர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டுத் தன் பேரனுக்குக் கன்னடத்தில் மறுபடி சொன்னார்.

நான்காவது படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் மாலைக்குள் அம்மா சலித்துப்போனார். தாமரை மகாலைப் பார்த்து, "வெள்ளை அடித்திருக்கலாம்" என்றார். யானை லாயத்தில் வரிசையாகப் பதினொரு அறைகள். "இத்தனை யானைக்கும் தீனி எங்கிருந்து வரும்?" என்றார். மகாநவமித் திட்டின் படிகளை ஏறவே மறுத்துவிட்டார். அரண்மனைப் பகுதிக்குப் போகும் சாலையோரம் காரை நிறுத்தியபோதுதான் அவருடைய முகம் மாறியது. நீளமாக ஒரு கல் வாய்க்கால். அதன் இரு கரையிலும் சாப்பிட உட்காரும் பந்திபோலக் கல் தட்டுகள் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. தட்டில் சோற்றுக்கு அகலமான பள்ளம், ஓரத்தில் குழம்பு, கூட்டு, பொரியலுக்குச் சின்னச் சின்னக் குழிகள்.

அம்மா கீழே உட்கார்ந்து ஒரு தட்டின் குழிகளை விரலால் தடவிப் பார்த்தார். "இது ஊறுகாய்க்கு" என்றார். பிறகு என் மொபைலைக் கேட்டு வாங்கி, தன் நிழல் அதில் விழாமல் நகர்ந்து நகர்ந்து எடுத்த படம் அது. எங்கள் கல்யாணத்தில்கூட அவர் படம் எடுத்ததில்லை.

எழுந்து வரும்போது கேட்டார்: "கோயில் இருக்கிறது, குளம் இருக்கிறது, தட்டும் இருக்கிறது. சாப்பிட்டவர்கள் வீடெல்லாம் எங்கே?" எனக்குப் பதில் தெரியவில்லை.

---

தகடூர் வாத்தியார், ஞாயிறு காலை 9.50

அம்மா கேட்டதை வகுப்பில் ஒரு மாணவன் கேட்டிருந்தால் அன்றைக்குப் பாடப்புத்தகத்தை மூடிவைத்திருப்பேன்.

கல் தெய்வத்துக்கு. மனிதன் குடியிருந்தது மண்ணிலும் மரத்திலும் ஓலையிலும். அரசனுடைய மாளிகைக்கே அடித்தளம்தான் கல், மேலே எழும்பியதெல்லாம் மரம். அரச சபை மண்டபம் என்று பலகை வைத்திருக்கும் மேடையில் ஏறினால் வரிசைக்குப் பத்தாக நூறு தூண்களின் தடம் இருக்கிறது, ஒரு தூண்கூட இல்லை. 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போரில் ராமராயர் வீழ்ந்த பிறகு நகரம் மாதக்கணக்கில் சூறையாடப்பட்டது. எரியக்கூடியது எரிந்தது, எரியாதது நின்றது. நாம் படமெடுப்பது எரியாததை.

இன்னொன்று. அந்தத் தட்டுகளுக்கு நடுவே ஓடும் வாய்க்காலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் வெட்டிய துருத்துக் கால்வாய் இன்றைக்கும் அங்கே நெல்லுக்கும் வாழைக்கும் பாய்கிறது. அதையும் ஒரு படம் எடுத்திருக்கலாம். சுற்றுலாக்காரர்கள் எடுக்க மாட்டார்கள், அதற்கு டிக்கெட் இல்லை பாருங்கள்.

---

காரிமங்கலம் பயணி, ஞாயிறு பகல் 12.30

கார் இல்லாதவர்கள் எப்படிப் போவது? செலவு என்ன ஆகும்? நான்கு பேர், அதில் ஒருவருக்கு முட்டிவலி.

---

பாராமகால்காரன், ஞாயிறு பகல் 1.05

உங்களுக்குத் தர்மபுரியில் ரயில் ஏறினால் பெங்களூரு. அங்கிருந்து இரவில் ஹம்பி எக்ஸ்பிரஸ், காலையில் ஹொசப்பேட்டை. எங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. மாவட்டத் தலைநகர் என்று பெயர், கிருஷ்ணகிரியில் தண்டவாளம் கிடையாது. ஹொசப்பேட்டையிலிருந்து ஹம்பிக்கு டவுன் பஸ் அடிக்கடி இருக்கிறது.

விட்டலர் கோயிலுக்கு நாங்கள் போனபோது தலைக்கு 40 ரூபாய் டிக்கெட், 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். டிக்கெட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். அதே டிக்கெட் அன்றைக்கே தாமரை மகாலுக்கும் கமலாபுரம் அருங்காட்சியகத்துக்கும் செல்லும். வண்டி நிறுத்தத்திலிருந்து கோயிலுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். பேட்டரி வண்டி விடுகிறார்கள், முட்டிவலிக்காரருக்கு அதுதான் வழி. மாதங்க மலைப் பக்கம் அவரை அழைத்துப் போகவே வேண்டாம்.

மொழிக்கு அஞ்ச வேண்டாம். அம்மாவின் தெலுங்கு அங்கே எங்கும் செல்லுபடியாயிற்று. சோள ரொட்டியும் கத்திரிக்காய் எண்ணெய்க் குழம்பும் போட்ட மெஸ்காரரிடம் கேழ்வரகுக் களி கிண்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டே வந்தார்.

---

கல்தேடி (ஊத்தங்கரை), ஞாயிறு மாலை 6.18

இழை முழுக்கப் படித்தேன். கல் தேர் எங்கே? ஹம்பிக்குப் போய்த் தேர்ப் படம் போடாதவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

---

பாராமகால்காரன், ஞாயிறு இரவு 8.47

சரி, சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் நாள் முழுவதும் அக்கா மகனின் கேமராவில்தான் எடுத்தோம். விட்டலர் கோயில், தேர், ஹஜார ராமர் கோயில் சுவரில் ராமாயணம், கறுப்புக் கல் படிக்குளம், எல்லாம் சேர்த்து 340 படங்கள். ஊர் திரும்பியதும் கார்டைக் கணினியில் செருகினால் "படிக்க முடியவில்லை" என்றது. நகரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை சார், அரைமணி நேரம்" என்றார். டீ குடித்துவிட்டு வந்தேன். "சரியாகிவிட்டது, இப்போது நன்றாக வேலை செய்கிறது" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். ஆமாம், நன்றாகத்தான் வேலை செய்தது. ஃபார்மட் செய்து காலியாகத் தந்திருந்தார். அதற்கு 150 ரூபாயும் வாங்கிக்கொண்டார்.

அம்மா மட்டும்தான் கலங்கவில்லை. "தேர் அங்கேயேதானே இருக்கப் போகிறது?" என்றார்.

---

ஓசூர் ரோஜா, ஞாயிறு இரவு 9.02

அண்ணா, அந்தக் கார்டில் அதற்குப் பிறகு ஏதாவது எடுத்தீர்களா? எடுத்திருக்காவிட்டால் இன்னும் பிழைக்க வழி இருக்கிறது. சாதாரணமாகச் செய்யும் ஃபார்மட் அட்டவணையைத்தான் அழிக்கிறது. புத்தகத்தில் பொருளடக்கப் பக்கத்தைக் கிழித்ததுபோல. உள்ளே பக்கங்கள் அப்படியே கிடக்கும், மேலே புதிதாக எழுதினால்தான் அழியும். கார்டைக் கேமராவிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். இலவசமாகவே மீட்பு மென்பொருள்கள் கிடைக்கின்றன. மீட்ட படங்களை அதே கார்டில் சேமித்துவிடாமல் கணினியில் சேமியுங்கள். இதை மறந்துதான் பலர் இரண்டாம் முறையும் இழக்கிறார்கள்.

தேர்ப் படம் என்னுடையது ஒன்று போடுகிறேன், கல்தேடி ஐயாவுக்காக. முன்பக்க யானைகளை உற்றுப் பாருங்கள். அவற்றுக்குப் பின்னால் ஒட்டினாற்போல வேறு ஏதோ காலும் வாலும் தெரிகின்றன. யானை வால் மாதிரியே இல்லை.

---

கல்தேடி, திங்கள் காலை 6.40

அம்மா, கூர்மையான கண் உங்களுக்கு. அவை குதிரையின் பின்னங்கால்களும் வாலும். முதலில் அந்தத் தேரை இழுத்தவை குதிரைகள். அவை சிதைந்த பின் வேறெங்கோ கிடந்த யானைகளைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். தேருக்கு முன்னே யானைகள் சிறுத்துப்போய் நிற்பது அதனால்தான். தேர் ஒரே கல் என்று வழிகாட்டி யாராவது சொல்லியிருந்தால் அதுவும் தவறு. பல கற்களை இணைப்பு தெரியாமல் அடுக்கிய கருடன் சந்நிதி அது.

பெரிய மாற்றம் மேலே இருக்கிறது. அலெக்சாண்டர் கிரீன்லா என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1856இல் ஹம்பியைப் படமெடுத்தார். மெழுகு தடவிய காகிதமே நெகட்டிவ். ஒரு படத்துக்கு நீண்ட நேரம் ஒளி விட வேண்டும். அசைந்தால் பதியாது. அவர் எடுத்த தேர்ப் படத்தில் தேரின் தலையில் செங்கல்லால் கட்டிய விமானம் இருக்கிறது! பிற்காலத்தில் அதை இறக்கிவிட்டார்கள். இன்று ஐம்பது ரூபாய் நோட்டில் நாம் பார்ப்பது மொட்டைத் தேர். 1980களில் ஜான் கோலிங்ஸ் என்ற ஆஸ்திரேலியப் புகைப்படக்காரர், கிரீன்லா நின்ற அதே இடங்களைத் தேடிப்பிடித்து மறுபடி எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லோரும் எடுக்கும் கோணத்தில் எடுத்தால் என்ன பயன் என்று சிலர் அலட்டிக்கொள்வதுண்டு. நூறு ஆண்டு கழித்து ஒருவனுக்கு அந்தக் கோணம்தான் வேண்டியிருக்கும். எங்கே நின்று, எந்தத் திசை பார்த்து, என்றைக்கு எடுத்தது என்று மட்டும் எழுதிவையுங்கள்.

---

காரிமங்கலம் பயணி, திங்கள் காலை 7.15

விட்டலர் கோயில் தூணைத் தட்டினால் ச, ரி, க, ம கேட்குமாமே, தட்ட விடுகிறார்களா?

---

கல்தேடி, திங்கள் காலை 7.22

விடுவதில்லை, விடவும் கூடாது. ஆளாளுக்குத் தட்டித் தட்டித்தான் அந்த மண்டபத்துக்குக் கம்பி கட்டியிருக்கிறார்கள். 2019இல் சில இளைஞர்கள் ஹம்பியில் தூணைத் தள்ளிவிட்டு அதைப் படமும் பிடித்தார்கள். நீதிமன்றம் அபராதம் போட்டு, அவர்களைக் கொண்டே தூணை நிறுத்தவைத்தது.

---

ஒகேனக்கல் மீன், திங்கள் பகல் 2.10

தேர் இருக்கட்டும். ஆறாவது படத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பரிசல் போடுகிறோம். அந்தப் பரிசலின் பின்னல் எங்களுடையதைவிட இறுக்கம், விளிம்பு தாழ்வு. எங்கள் தாத்தா காலத்தில் மூங்கில் கூடைக்கு மேல் மாட்டுத்தோல். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். அங்கேயும் அப்படித்தான்போலத் தெரிகிறது. துடுப்புப் பிடித்திருக்கும் பையன் நன்றாகப் பிடித்திருக்கிறான், முன்னால் குத்தி இழுக்கிறான். பின்னால் இருந்து தள்ளினால் பரிசல் பம்பரமாகிவிடும்.

அம்மா ஏன் பரிசலின் கம்பைப் பிடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்? பழக்கப்பட்டவர்தான் அப்படி உட்காருவார்.

---

தகடூர் வாத்தியார், திங்கள் மாலை 5.30

மீன் தம்பிக்கு ஒரு செய்தி. 1520 வாக்கில் தோமிங்கோ பயஸ் என்ற போர்த்துகீசியர் ஹம்பிக்கு வந்து, பார்த்ததையெல்லாம் எழுதிவைத்தார். அதில் உங்கள் பரிசலும் இருக்கிறது. கூடைபோல் வட்டமான படகு, உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேரை ஏற்றும் என்று எழுதியிருக்கிறார். மற்றப் படகுபோல் நேராகப் போகாது, சுற்றிக்கொண்டேதான் போகும் என்றும் சேர்த்திருக்கிறார். ஐந்நூறு ஆண்டுகளில் பேரரசு போய்விட்டது, கூடை போகவில்லை.

பாராமகால்காரன் தம்பிக்கும் ஒன்று இருக்கிறது. உங்கள் புனைபெயரே ஹம்பியோடு முடிச்சுப் போட்டது, தெரியுமா? 1565க்குப் பின் தலைநகர் பெனுகொண்டாவுக்குப் போயிற்று. அந்தக் கோட்டையைப் பீஜப்பூர்ப் படை முற்றுகையிட்டபோது எதிர்த்து நின்று காத்தவர் ஜகதேவராயர். அதற்குப் பரிசாகக் கிடைத்ததுதான் பாராமகால் சீமை. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஜகதேவி என்று ஓர் ஊர் இருக்கிறதே, பஸ்ஸில் கடந்து போயிருப்பீர்கள். அவர் பெயரைத்தான் அது சுமந்துகொண்டிருக்கிறது. 430 கிலோமீட்டர் போய்த் தலைநகரைப் பார்த்தீர்கள். அதன் வால் உங்கள் ஊர் வரை நீண்டுகிடக்கிறது.

---

கல்தேடி, திங்கள் இரவு 7.55

அதைச் சொன்ன நீங்கள், ஐயா, உங்கள் ஊரைச் சொல்லாமல் விட்டீர்களே! தகடூரும் தலைநகர்தான். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். ஹம்பிக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மூத்தது. விடுமுறைப் படம் என்று ஒருவரும் தகடூரைப் போடுவதில்லை.

---

தகடூர் வாத்தியார், திங்கள் இரவு 8.40

எதைப் படமெடுப்பது, சொல்லுங்கள். பஸ் நிலையத்தையா? "தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை" என்று வென்றவனுடைய பட்டப்பெயரில்தான் எங்கள் தலைநகர் இருக்கிறது. அஞ்சியின் பெயரைக் கல்லில் பார்க்க வேண்டுமென்றால் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பைக்குப் போக வேண்டும். ஔவைக்கு அவன் கொடுத்த நெல்லிக்கனி மட்டும் தின்னத் தின்னத் தீராமல் இருக்கிறது. ஹம்பிக்காரர்களுக்குக் கல் மிஞ்சியது, எங்களுக்குப் பாட்டு மிஞ்சியது. பாட்டை நான் நாற்பது ஆண்டு நடத்தினேன். யாரும் கேமராவோடு வரவில்லை.

---

கல்தேடி, திங்கள் இரவு 8.58

கோபம் வேண்டாம், ஐயா. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்து ஓவியங்கள் இருக்கின்றன. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. கோட்டைக் கோயிலில் தரையைத் தொடாத தூண் இருக்கிறது. அவை அஞ்சி காலத்தவை அல்ல என்று நீங்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். தனி இழை தொடங்குகிறேன், வாருங்கள். இங்கே ஹம்பி நடக்கட்டும்.

---

பாராமகால்காரன், செவ்வாய் இரவு 10.20

ரோஜா தங்கையே, பாதிக் கும்பிடு போடுகிறேன். பாதி ஏன் என்றால், 340இல் 171 படங்கள் மீண்டுவிட்டன. அதிலும் பல அரைகுறை. மேல்பாதி படமாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் வந்திருக்கின்றன.

தேர்ப் படத்தைப் பாருங்கள், படம் 7. வானம் இருக்கிறது, தேரின் மேல்விளிம்பு இருக்கிறது. அதற்குக் கீழே சக்கரம் இல்லை, யானை இல்லை, யானைக்குப் பின்னால் குதிரை வாலும் இல்லை, வெறும் சாம்பல். கிரீன்லா படத்தில் இருந்த மேல்பாதி இன்று தேரில் இல்லை. என் படத்தில் மேல்பாதி மட்டும்தான் இருக்கிறது. இரண்டையும் ஒட்டினால்கூட ஒரு முழுத் தேர் வராது!

படம் 8 முழுதாக வந்துவிட்டது. கறுப்புக் கல் படிக்குளம். 1980களில் மண்ணைத் தோண்டி வெளியே எடுத்தது. பெரிதாக்கிப் பாருங்கள், ஒவ்வொரு படிக்கல்லிலும் சின்னதாக ஏதோ கீறல். எந்தக் கல் எந்த வரிசையில், எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று கொத்தர்கள் போட்டுவைத்த குறிகளாம். எங்கள் ஆலையில் டின்களுக்குப் போடும் தொகுதி எண் மாதிரிதான். கணக்குப்பிள்ளைக்குக் கண்ணில் படுவது அதுதானே. அந்தக் குளத்தின் முன்னால் அரைமணி நேரம் நின்றேன், மனைவி வந்து கையைப் பிடித்து இழுக்கும்வரை.

எல்லாப் படத்துக்கும் திசையும் நேரமும் எழுதிவைத்துவிட்டேன், கல்தேடி ஐயா. அம்மாவின் கல் தட்டுக்கு மட்டும் என் மகள் எழுதிய குறிப்பு: "தெற்குப் பார்த்து, மாலை 4.50, பாட்டிக்குப் பசித்தபோது."

---

ஓசூர் ரோஜா, செவ்வாய் இரவு 10.41

171 என்பது நல்ல மகசூல், அண்ணா. எனக்கு ஒருமுறை 12தான் கிடைத்தன. கல் தட்டுப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு வீட்டில் மாட்டுங்கள். ஓரத்தை வெட்டச் சொன்னால் வெட்டாதீர்கள். இடது மூலையில் அம்மாவின் செருப்பு நுனி தெரிகிறது, அது இருக்கட்டும்.

---

பாராமகால்காரன், செவ்வாய் இரவு 10.50

மீன் அண்ணா, அக்கா மகன் மொபைலில் ஒரு நிமிடம் கழித்து எடுத்த படம் கிடைத்தது. படம் 9. அதே இடம். நீர்நாயைக் காணோம். கல்லாக இருந்தால் எங்கே போயிருக்கும்?

---

ஒகேனக்கல் மீன், செவ்வாய் இரவு 10.53

எங்கேயும் போகவில்லை. பரிசல் திரும்பியிருக்கிறது. போர்த்துகீசியரே சொல்லிவிட்டாரே.

---

பாராமகால்காரன், செவ்வாய் இரவு 11.02

அம்மாவிடம் கேட்டேன். நீர்நாய்தான் என்கிறார். நீங்கள் சொன்னதும் சரி, அவர் பழக்கப்பட்டவர்தான். பிறந்த ஊர் ஆற்றோரம், சின்ன வயதில் சந்தைக்குப் போனதே பரிசலில்தானாம். எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

---

ஒகேனக்கல் மீன், செவ்வாய் இரவு 11.06

அப்படியானால் ஒகேனக்கல்லுக்கு அழைத்து வாருங்கள். காவிரியில் நிஜ நீர்நாய் காட்டுகிறேன். ஞாயிறு வேண்டாம், எண்ணெய் தேய்க்கிறவர்களும் மீன் வறுக்கிறவர்களும் சேர்ந்து ஆற்றையே மறைத்துவிடுவார்கள். புதன்கிழமை வாருங்கள்.

---

பாராமகால்காரன், செவ்வாய் இரவு 11.15

அடுத்த புதன் வருகிறோம். அம்மா ஒரு நிபந்தனை போடுகிறார். உயிர்காப்புச் சட்டை போட மாட்டாராம், படத்தில் குண்டாகத் தெரிகிறதாம்.

---

ஒகேனக்கல் மீன், செவ்வாய் இரவு 11.17

சட்டை போடாவிட்டால் கரையிலேயே உட்கார்ந்து மீன் சாப்பிட வேண்டியதுதான் என்று சொல்லுங்கள். என் தாத்தாவே வந்தாலும் ஏற்ற மாட்டேன்.